செக்‌ஷன், செக்டர், செக்மென்ட் எல்லாமே ‘பகுதி’தானா? லத்தீன் வேர்கள் பற்றி ஓர் இழை

#1 ஒற்றெழுத்து

கலைச்சொல் பட்டியல் ஒன்றைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. கணிதம், தாவரவியல், மருந்தியல், சட்டம் எல்லாம் கலந்த பட்டியல். பார்ட், போர்ஷன், செக்‌ஷன், செக்டர், செக்மென்ட், ஃபிராக்‌ஷன், ஃபிராக்மென்ட், டிவிஷன், ஃபிஷன், பார்ட்டிஷன் என்று வரும் இடமெல்லாம் யாரோ ‘பகுதி’ அல்லது ‘பிரிவு’ என்று போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். எல்லாம் லத்தீன் வழி வந்தவை என்பது மட்டும் தெரிகிறது.

லத்தீனில் இவற்றுக்கு ஒரே பொருள்தானா? ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்தே எந்த வேர் என்று பிடிக்க வழி உண்டா?

#2 வேர்பிடி

ஒரே பொருள் இல்லை. தமிழில் வாழைக்காயை நறுக்குவோம், தேங்காயை உடைப்போம், விறகைப் பிளப்போம், துணியைக் கிழிப்போம், சொத்தைப் பங்கிடுவோம். தேங்காயை நறுக்கினான் என்றால் சிரிப்பார்கள். லத்தீனும் அப்படித்தான், செயலுக்கு ஏற்ற வினை. உங்கள் பட்டியலுக்கு ஏழு வினைகள் தெரிந்தால் போதும்.

செகாரே: கத்தி, அரிவாள் கொண்டு அறுத்தல். செக்‌ஷன், செக்டர், செக்மென்ட், செகன்ட் (வட்டத்தை வெட்டும் கோடு), பைசெக்ட், இன்டர்செக்ட் எல்லாம் இதன் பிள்ளைகள்.

கைதெரே: ஓங்கி வெட்டுதல், செதுக்குதல், கொல்லுதல். இன்சிஷன், பிரிசைஸ், கன்சைஸ், டிசைட். பூச்சிக்கொல்லியில் வரும் ‘சைட்’ விகுதியும் இதுவே. சிமென்ட் கூட இங்கிருந்துதான்: கைமென்தும் என்றால் வெட்டிப் போட்ட கல் சில்லுகள்.

ஃப்ராங்கெரே: உடைத்தல். ஃபிராக்‌ஷன், ஃபிராக்சர், ஃபிராக்மென்ட், ஃபிரஜைல்.

ஃபிந்தெரே: உள்ளோட்டத்தின் வழியே பிளத்தல், விறகு பிளப்பதுபோல. ஃபிஷன், ஃபிஷர்.

ஸ்கிந்தெரே: கிழித்தல், பிய்த்தல். ரிசின்ட், அதாவது ஒப்பந்தத்தை ரத்து செய்தல். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘கிழித்துப் போடுதல்’.

பார்தீரி: பங்கிடுதல். ‘பார்ஸ்’ (பங்கு, கூறு) என்ற பெயர்ச்சொல்லிலிருந்து வந்த வினை. பார்ட், பார்ட்டிஷன், பார்ட்டி, பார்சல், பார்ட்டிகிள். போர்ஷனும் இதற்கு நெருங்கிய சொந்தம்.

தீவிதெரே: ஒன்றாய் இருப்பதை விலக்கிப் பிரித்தல். டிவிஷன், டிவிடென்ட், இன்டிவிஜுவல்.

கடைசி இரண்டில் கத்தியே இல்லை என்பதைக் கவனியுங்கள். பார்தீரியில் பங்கு வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறார். தீவிதெரேயில் இடைவெளி விழுகிறது, அவ்வளவுதான். பங்கிடு, பிரி என்று தமிழில் இரண்டு சொல் தயாராக இருக்கும்போது ‘பகுதி’யை வைத்து மெழுகுவது சோம்பல்.

இன்னொன்று: கணிதப் பட்டியலில் ‘பகுதி’யைத் தொடவே தொடாதீர்கள். பின்னத்தின் கீழே இருக்கும் எண்ணுக்கு அது ஏற்கெனவே பெயர். மேலே தொகுதி, கீழே பகுதி. ‘பகுதியின் பகுதி’ என்று ஒரு வரி வந்தால் மாணவன் கதி என்ன?

#3 ஒற்றெழுத்து

தெளிவாக இருக்கிறது, நன்றி ஐயா. ஆனால் செக்‌ஷன், செக்டர், செக்மென்ட் மூன்றும் ஒரே வினை என்றால், அவற்றுக்குள் வேறுபாடு எங்கே?

#4 வேர்பிடி

விகுதியில். லத்தீன் விகுதியைப் படித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

‘தியோ’ முடிந்தால் தொழிற்பெயர்: செக்தியோ, அறுத்தல். ‘மென்தும்’ முடிந்தால் அந்தச் செயலில் விழுந்த பொருள்: செக்மென்தும், அறுத்து விழுந்த துண்டு, ஃப்ராக்மென்தும், உடைந்த சில்லு. ‘தோர்’ முடிந்தால் செய்பவர்: செக்தோர், அறுப்பவர். ‘அன்ஸ்’ முடிந்தால் பெயரெச்சம் போல: செகன்ஸ், அறுக்கின்ற. ‘என்தும்’ முடிந்தால் செயப்பட வேண்டியது: தீவிதென்தும், பிரிக்கப்பட வேண்டியது.

வட்டத்தில் இரண்டு ஆரமும் ஒரு வில்லும் அடைக்கும் இடத்துக்குப் போய் ‘அறுப்பவர்’ என்று ஏன் பெயர்? யூக்ளிட் காலத்துக் கிரேக்கத்தில் அது தொமேயுஸ், ‘வெட்டுவது’. லத்தீன்காரர்கள் அப்படியே பெயர்த்தார்கள்.

நம் பாடநூல்கள் சில இடங்களில் அழகாகச் செய்திருக்கின்றன. செகன்டுக்கு வெட்டுக்கோடு, டேன்ஜென்டுக்குத் தொடுகோடு. இரண்டுமே லத்தீனின் நேர்ப்பொருள்; தாமஸ் ஃபிங்க் 1583இல் முக்கோணவியலுக்குக் கொண்டுவந்த இணை அது. கணங்களில் இன்டர்செக்‌ஷனுக்கு வெட்டு, பைசெக்டருக்கு இருசமவெட்டி, கிராஸ் செக்‌ஷனுக்குக் குறுக்குவெட்டு. இத்தனையிலும் செகாரே ‘வெட்டு’ என்றே உட்கார்ந்திருக்கிறது.

#5 வடமராட்சி

இலங்கைப் பாடநூல்களிலை செக்டருக்கு ‘ஆரைச்சிறை’ எண்டுதான் வரும். ஆரை இரண்டுக்கும் நடுவிலை சிறைப்பட்ட இடம். தமிழ்நாட்டின்ரை ‘வட்டக்கோணப்பகுதி’யை விட இது நல்லதெண்டு நினைக்கிறன், ‘பகுதி’ தொல்லையும் இல்லை. செக்மென்டுக்கு வட்டத்துண்டம், அது ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒண்டுதான்.

#6 எழுத்துக்கூட்டி

இரண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. எழுத்துக்கூட்டலிலிருந்து வேரைப் பிடிக்க முடியும், லத்தீனின் புணர்ச்சி விதி தெரிந்தால்.

கல் + தூண் = கற்றூண் என்று நமக்கு இருப்பதுபோல், லத்தீனில் ‘த்’ (ஆங்கில D எழுத்து) என்று முடியும் வேரோடு ‘து’ (D அல்ல, T எழுத்து) விகுதி சேர்ந்தால் இரண்டும் கரைந்து இரட்டை எஸ் ஆகும். ஃபித் + துஸ் = ஃபிஸ்ஸுஸ். ஸ்கித் + துஸ் = ஸ்கிஸ்ஸுஸ். அதனால்தான் ஃபிஷனுக்கு இரண்டு எஸ். ஆனால் முன்னால் நெடில் இருந்தால் இரட்டை எஸ் ஒற்றையாகச் சுருங்கும்: கைத் + துஸ் = கைசுஸ், தீவித் + துஸ் = தீவீசுஸ். அதனால் டிவிஷன், டிசிஷன், இன்சிஷன் எல்லாவற்றுக்கும் ஒரே எஸ்.

செகாரே, ஃப்ராங்கெரே இரண்டிலும் கரைவது இல்லை. ‘க்’ ஒலி நின்று செக்துஸ், ஃப்ராக்துஸ் என்று வரும். ஆகவே ஆங்கிலத்தில் C, T இரண்டும் சேர்ந்து வந்து ‘க்‌ஷன்’ என்று ஒலித்தால் அறுத்தது அல்லது உடைத்தது. இரட்டை எஸ் என்றால் பிளந்தது அல்லது கிழித்தது. ஒற்றை எஸ் என்றால் செதுக்கியது அல்லது பிரித்தது. இந்தப் பட்டியலின் வினைகளுக்கு மட்டும் இந்த வாய்பாடு. மிஷனுக்கும் பேஷனுக்கும் கொண்டுபோய்ப் பொருத்தாதீர்கள்.

இதே கணக்கில் இன்னொரு பிழை தீரும். பைசெக்டில் ஒரு எஸ் (பை + செக்ட்), டிசெக்டில் இரண்டு (டிஸ் + செக்ட்). பலர் பைசெக்டைப் பார்த்து ‘டைசெக்ட்’ என்று உச்சரிப்பது இந்த இரண்டாவது எஸ்ஸை விழுங்குவதால்தான்.

#7 சங்கப்பலகை

செக்ட், அதாவது மதப்பிரிவு? அதுவும் செகாரேதானே? பெரிய மதத்திலிருந்து அறுத்துக்கொண்டு போன கூட்டம்.

#8 எழுத்துக்கூட்டி

பொருந்துவதுபோல் இருக்கிறது, ஆனால் இல்லை. அது ‘செக்தா’, செக்வீ (பின்தொடர்தல்) வழி வந்தது. சீக்வென்ஸுக்குத்தான் சொந்தம். ஒரு குருவைப் பின்பற்றுகிறவர்கள், அறுத்துக்கொண்டவர்கள் அல்ல. தமிழில் ‘மதப்பிரிவு’ என்பதைவிட ‘வழி’ அல்லது ‘நெறி’ அதற்குக் கிட்ட வரும்.

வழுக்கும் இடங்கள் இன்னும் உண்டு, ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறேன்.

செபரேட்: பார்ஸ் அல்ல. ‘செ’ (தனியே) + பராரே (ஆயத்தம் செய்தல்). பிரிப்பேர், அப்பரேட்டஸ் இவற்றின் உறவு. பராரேயின் ‘அ’ நினைவிருந்தால் செபரேட்டின் நடு எழுத்தை ‘ஈ’ என்று தப்பாக எழுத மாட்டோம். ஆங்கிலத்தில் மிக அதிகம் பிழையாக எழுதப்படும் சொற்களில் அதுவும் ஒன்று. செவர், செவரல் இரண்டும் இதே செபராரே தேய்ந்து வந்தவை.

ஆக்சிடென்ட், இன்சிடென்ட்: கைதெரே அல்ல, காதெரே (விழுதல்). இரண்டு வினையும் முன்னொட்டு சேர்ந்தவுடன் ‘சிதெரே’ என்று ஒரே முகம் காட்டும். லத்தீனில் நெடில் குறில் வேறுபாடு காப்பாற்றியது, ஆங்கிலத்தில் அது போய்விட்டது. டிசைட் வெட்டிய முடிவு. டெசிடுவஸ் (இலையுதிர்) விழுந்த இலை.

சிசர்ஸ்: இது கைதெரே வழி, சிசோரியா. முன்னால் நிற்கும் எஸ் 16ஆம் நூற்றாண்டில் ஸ்கிந்தெரேதான் வேர் என்று தவறாக நினைத்தவர்கள் ஒட்டியது. கத்தரிக்கோல் கிழிப்பதில்லை, வெட்டுகிறது. எழுத்துக்கூட்டல் மட்டும் கிழிக்கிறது.

#9 சங்கப்பலகை

ஒப்புக்கொள்கிறேன். பதிலுக்கு ஒன்று தருகிறேன், வேர்பிடி ஐயா விட்டுவிட்டார்.

‘சின்னாபின்னம்’ என்கிறோமே, அது சின்னம் + பின்னம். சமஸ்கிருதத்தில் சித் (வெட்டு, கிழி) என்ற வேரின் முடிந்த வடிவம் சின்ன. பித் (பிள) என்ற வேருக்குப் பின்ன. லத்தீன் ஸ்கிந்தெரேயும் சித்தும் ஒரே மூதாதை. ஃபிந்தெரேயும் பித்தும் ஒரே மூதாதை. சும்மா ஒலி ஒத்துப்போகும் கதை அல்ல. நிகழ்கால வடிவத்தில் வேரின் நடுவே ‘ன்’ புகும் வழக்கம் இரண்டு மொழியிலும் அப்படியே இருக்கிறது: லத்தீனில் ஃபிந்தோ, ஸ்கிந்தோ, சமஸ்கிருதத்தில் பினத்மி, சினத்மி. முடிந்த வடிவத்தில் அந்த ‘ன்’ லத்தீனில் காணாமல் போகும், ஃபிஸ்ஸுஸ், ஸ்கிஸ்ஸுஸ். சமஸ்கிருதம் வேறு விகுதி சேர்ப்பதால் பின்ன, சின்ன என்று ‘ன’ கேட்கிறது. ஆக ‘சின்னாபின்னம்’ என்று சொல்லும்போது ஸ்கிஸ்ஸுஸ், ஃபிஸ்ஸுஸ் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம்.

சித் வழியில் தமிழுக்கு வந்தவை: சேதம், சிரச்சேதம், பழைய நூல்களில் அத்தியாயத்துக்கு வரும் பரிச்சேதம். பித் வழியில்: பேதம், பின்னம், வயிற்றுப் பேதி கூட.

தீவிதெரேக்கும் இங்கே ஒரு சொந்தம் உண்டு. ‘தீ’ முன்னொட்டை எடுத்துவிட்டால் மிஞ்சும் வேர்தான் லத்தீன் விதுவா, கைம்பெண். நம் ‘விதவை’யும் அதுவே: பிரிக்கப்பட்டவள், தனித்துவிடப்பட்டவள். ‘வி + தவ, தவன் இல்லாதவள்’ என்று பிரித்துக் காட்டுவது பிற்காலத்து வேலை. ‘தவ’ என்ற சொல்லே விதவையிலிருந்து உடைத்து எடுத்ததுதான்.

#10 ஒற்றெழுத்து

அப்படியானால் கணிதத்தின் ‘பின்னம்’ என்பதும் உடைந்தது என்ற பொருளா?

#11 சங்கப்பலகை

ஆமாம். சிலை பின்னமாகிவிட்டால் பூசைக்கு ஆகாது என்பார்களே, அதே பின்னம்.

அரபியிலும் பின்ன எண்ணுக்குக் கஸ்ர், உடைப்பு. 12ஆம் நூற்றாண்டில் அரபுக் கணித நூல்களை லத்தீனாக்கியவர்கள் அதை ஃப்ராக்தியோ என்றார்கள். ஃபிராக்‌ஷன் ஆங்கிலத்துக்கு வந்தது அந்த வழியில். வேடிக்கை என்னவென்றால் அல்ஜிப்ராவின் ‘அல்ஜப்ர்’ என்பதற்கு ஒடிந்ததைப் பொருத்துதல் என்று பொருள். ஸ்பானிய மொழியில் அல்ஹெப்ரிஸ்தா என்றால் எலும்பு முறிவு கட்டும் வைத்தியர். ஒரு பாடம் உடைக்கிறது, அடுத்த பாடம் கட்டுப் போடுகிறது.

பின்னத்தின் மேல் எண் நுமெராதோர், எண்ணுகிறவர். கீழ் எண் தெனோமினாதோர், பெயர் வைக்கிறவர். எட்டில் மூன்று என்றால் ‘எட்டாம் கூறு’ என்பது பெயர், மூன்று என்பது எண்ணிக்கை. பெயர் ஒன்றாக இருந்தால் எண்ணிக்கையைக் கூட்டலாம். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்ட முதலில் இரண்டுக்கும் ‘ஆறாம் கூறு’ என்று ஒரே பெயர் வைக்க வேண்டும். பொதுப் பகுதி எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு இந்த இரண்டு வரி போதும்.

#12 பங்குச்சந்தி

டிவிடென்ட் பற்றி ஒரு குறிப்பு. வேர்பிடி சொன்னபடி தீவிதென்தும் என்றால் ‘பிரிக்கப்பட வேண்டியது’. கணிதத்தில் அது வகுபடும் எண், சரி. 100ஐ 8ஆல் வகுத்தால் 100 டிவிடென்ட், 8 டிவைசர், 12 கோஷன்ட் (ஈவு), 4 மீதி. கோஷன்ட் என்பது ‘குவோதியென்ஸ்’, எத்தனை தடவை.

பங்குச்சந்தையில் பாருங்கள். நிறுவனம் பங்குதாரர்களுக்கு ஒதுக்கும் மொத்தத் தொகைதான் முறைப்படி டிவிடென்ட். ஒரு பங்குக்கு நம் கையில் வருவது அதை வகுத்துக் கிடைத்த கோஷன்ட். ஆனால் ஆங்கிலத்தில் பழக்கம் இறுகி, கையில் வருவதையும் டிவிடென்ட் என்றே சொல்கிறார்கள். தமிழ் ‘ஈவுத்தொகை’ அந்தக் குழப்பத்தில் விழவில்லை: ஈவு கோஷன்ட்டின் பெயர். 10 லட்சம் ரூபாயை 2 லட்சம் பங்குகளுக்குப் பிரித்தால் பங்குக்கு 5 ரூபாய் ஈவு. ஈதல் என்ற பொருளும் கூடவே வருகிறது. மொழிபெயர்ப்பு மூலத்தை ஜெயித்த இடம் இது.

பட்டியலில் ‘டிவிடென்ட்’ இரண்டு துறையிலும் இருந்தால் ஒரே தமிழ்ச்சொல் போட்டுவிடாதீர்கள். ஒன்று வகுபடுவது, மற்றது வகுத்துக் கிடைத்தது.

#13 இலைநரம்பு

தாவரவியல் பக்கத்துக்கு வருகிறேன். மேலே சொன்ன வினைகள் மூன்று இங்கே அளவுகோலாகவே பயன்படுகின்றன. இலை விளிம்பிலிருந்து நடுநரம்பு நோக்கி வெட்டு எவ்வளவு ஆழம் போகிறது என்பதுதான் கணக்கு.

மேலோட்டமாக இருந்தால் ‘லோபேட்’, மடல்.
பாதி தூரம் வரை என்றால் ‘ஃபிட்’, ஃபிந்தெரே: பிளவு.
பாதியைத் தாண்டி, ஆனால் நரம்பைத் தொடாமல் நின்றால் ‘பார்ட்டைட்’, பார்தீரி: பகிர்வு.
நரம்பு வரை போய்விட்டால் ‘செக்ட்’, செகாரே: வெட்டு.

முன்னால் ‘பின்னேட்டி’ என்றால் சிறகு போல இரு பக்கமும், ‘பால்மேட்டி’ என்றால் உள்ளங்கை விரல் போல. பிரமதண்டு இலை பின்னேட்டிஃபிட், சிறகுப்பிளவு. மரவள்ளி பால்மேட்டிபார்ட்டைட், வெட்டு ஏறக்குறைய அடிவரை போகும். துலுக்கச் சாமந்தி பின்னேட்டிசெக்ட், சிறகுவெட்டு. எல்லைகள் நூலுக்கு நூல் சற்று நகரும், வரிசை மாறாது.

இங்கே பிழை நடப்பது ‘செக்ட்’டுக்கும் கூட்டிலைக்கும் நடுவில். நரம்பு வரை வெட்டினாலும் ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் காம்போ கணுவோ இல்லாமல் நடுநரம்போடு பச்சை இலைப்பரப்பு ஒட்டியிருந்தால் அது தனியிலைதான். வேம்பு, முருங்கை போலச் சிற்றிலைகள் தனித்தனியாக உதிருமானால் கூட்டிலை. மூன்று வினைக்கும் ‘பிரிவு’ என்று ஒரே சொல் போட்டால் இந்த அளவுகோல் முழுக்கப் போய்விடும். பிளவு, பகிர்வு, வெட்டு என்று வையுங்கள்.

அணுக்கரு ஃபிஷனும் உயிரியலிலிருந்து போனதுதான். செல் இரண்டாவதற்கு உயிரியலார் ஃபிஷன் என்று சொல்வதை வில்லியம் ஆர்னால்டிடம் கேட்டறிந்த ஆட்டோ ஃபிரிஷ், லீசே மைட்னரோடு 1939இல் வெளியிட்ட கட்டுரையில் அதை யுரேனியத்துக்குப் போட்டார். ‘அணுக்கருப் பிளவு’ சரியான தமிழ். அணுக்கருப் பிரிவு என்று பட்டியலில் இருந்தால் அடித்துவிடுங்கள்.

#14 மருந்துச்சீட்டு

மருந்தியலில் இந்தச் சொற்களைத் தப்பாகப் படித்தால் ஆளுக்கே ஆபத்து.

பொடி மருந்துச் சீட்டின் கடைசியில் இரண்டு விதமான லத்தீன் கட்டளை வரும். ஒன்று ‘தீவிதே இன் பார்தேஸ் ஐக்வாலேஸ்’, சம பங்குகளாகப் பிரி. மற்றது ‘தெந்தூர் தாலேஸ் தோசேஸ்’, இப்படிப்பட்ட வேளைகள் தரப்படட்டும், சுருக்கமாக டி.டி.டி. பழைய சோவியத் நாடுகளின் சீட்டுகளில் இதை இன்றும் பார்க்கலாம்.

எழுதிய அளவு 3 கிராம், எண்ணிக்கை 10, கட்டளை ‘தீவிதே’ என்றால் மொத்தமே 3 கிராம், பொட்டலத்துக்கு 0.3 கிராம். எழுதிய அளவு 0.3 கிராம், எண்ணிக்கை 10, கட்டளை டி.டி.டி. என்றால் பொட்டலத்துக்கு 0.3, மொத்தம் 3 கிராம் நிறுக்க வேண்டும். முதல் சீட்டை இரண்டாவது முறையில் படித்தால் பொட்டலத்துக்கு 3 கிராம் போய்விடும், பத்து மடங்கு. இரண்டாவதை முதல் முறையில் படித்தால் 0.03 கிராம், மருந்து வேலையே செய்யாது. அதனால் ஒரு வேளை அளவை அந்த மருந்தின் உச்ச அளவோடு ஒப்பிடாமல் தராசைத் தொடக் கூடாது.

வேதியியல் ஆய்வகத்தில் வரும் ‘அலிக்வாட்’டும் பங்குதான். அலிக்வொத் என்றால் ‘சில’. கணிதத்தில் மீதியின்றி வகுக்கும் கூறு. 250 மில்லி கரைசலிலிருந்து 25 மில்லி பிப்பெட்டில் எடுத்தால் பத்தில் ஒரு கூறு, சரியான அலிக்வாட். தரம்பார்த்தல் (கரைசலின் செறிவை அளத்தல்) முடிந்ததும் 10ஆல் பெருக்க மறப்பதுதான் வழக்கமான பிழை. 100 மில்லியில் 30 எடுத்தால் கண்டிப்பான பொருளில் அது அலிக்வாட் அல்ல, ஆனால் ஆய்வகங்களில் யாரும் அவ்வளவு கண்டிப்பு இல்லை.

#15 காணிமுந்திரி

ரோமர்களின் பின்ன வாய்பாடு இன்னும் வரவில்லையே! அவர்கள் முழுமைக்கு ‘அஸ்’ என்று பெயர் வைத்து 12 ஆகப் பிரித்தார்கள். பன்னிரண்டில் ஒன்று உன்கியா. 2 செக்ஸ்தன்ஸ் (ஆறில் ஒன்று), 3 குவாத்ரன்ஸ் (கால்), 4 த்ரியென்ஸ் (மூன்றில் ஒன்று), 5 குவின்குன்க்ஸ், 6 செமிஸ் (அரை), 7 செப்துன்க்ஸ், 8 பெஸ், 9 தோத்ரன்ஸ், 10 தெக்ஸ்தன்ஸ், 11 தெயுன்க்ஸ். உன்கியாவை 24 ஆகப் பிரித்தால் ஸ்க்ரிபுலும், அஸ்ஸில் 288இல் ஒன்று.

தோத்ரன்ஸ் என்பது ‘தே குவாத்ரன்ஸ்’, கால் குறைய. நாம் மேலே ஏறி முக்கால் என்கிறோம். அவர்கள் ஒன்றிலிருந்து கீழே இறங்கினார்கள். ஜூலியஸ் சீசரின் உயிலில் ஆக்டேவியன் வாரிசானது ‘எக்ஸ் தோத்ராந்தே’, முக்கால் சொத்துக்கு. மீதிக் கால் மற்ற இருவருக்கு.

உன்கியா இரண்டு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அடியின் பன்னிரண்டில் ஒன்று இன்ச். பவுண்டின் பன்னிரண்டில் ஒன்று அவுன்ஸ். பலசரக்கு அவுன்ஸ் பின்னாளில் பவுண்டுக்கு 16 ஆகிவிட்டது, 28.35 கிராம். தங்கத்தின் டிராய் அவுன்ஸ் மட்டும் இன்னும் பவுண்டுக்கு 12தான், 31.1 கிராம். செய்தியில் வரும் சர்வதேசத் தங்க விலையை 28.35ஆல் வகுத்துக் கிராம் விலை போட்டால் கணக்கு பத்து சதவீதம் போல ஏறிவிடும்.

குவின்குன்க்ஸ் நாணயத்தில் ஐந்து புள்ளி இருக்கும். ஆறுமுகப் பகடையின் ஐந்து மாதிரி, நான்கு மூலை, நடுவில் ஒன்று. தோட்டக்கலையில் இன்றும் அந்தப் பெயரில் நடவு முறை உண்டு: மா, சப்போட்டாவைச் சதுரமாக நட்டு, நடுவில் பப்பாளி போன்ற குறுகிய ஆயுள் மரம். பெரிய தோப்பில் மரக்கணக்கு ஏறத்தாழ இரட்டிக்கும். நடு மரத்தைக் காலத்தில் வெட்டாமல் விட்டால் நிழல் கட்டிவிடும்.

#16 மருந்துச்சீட்டு

அந்த ஸ்க்ரிபுலும்தான் மருந்துக்கடையின் ஸ்க்ரூப்பிள்: 20 கிரெய்ன், 1.296 கிராம். மூன்று ஸ்க்ரூப்பிள் ஒரு டிராம், எட்டு டிராம் ஓர் அவுன்ஸ். 3ஐ 8ஆல் பெருக்குங்கள், அதே 24. ‘மனசாட்சி உறுத்தல்’ என்ற ஸ்க்ரூப்பிளும் பக்கத்து வீடு: ஸ்க்ரூபுலுஸ் என்றால் கூரான பொடிக்கல். செருப்புக்குள் புகுந்தால் தெரியும்.

#17 வடமராட்சி

காணிமுந்திரி எண்ட பேரை வைச்சுக்கொண்டு தமிழ் வாய்பாட்டைச் சொல்லாமல் விட்டிட்டீங்களே அண்ணை.

#18 காணிமுந்திரி

இழை லத்தீன் பற்றியது என்று அடக்கி வாசித்தேன் தம்பி. மா 20இல் ஒன்று, காணி 80இல் ஒன்று, முந்திரி 320இல் ஒன்று. மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி: 80இல் 4ம் 1ம் சேர்ந்து 5, அதாவது 16இல் ஒன்று.

ஒப்பிட்டால் ஒரு சுவாரசியம். 320இல் இரண்டும் ஐந்தும்தான் காரணிகள், மூன்று இல்லை. அதனால் நம் வாய்பாட்டில் ஐந்தில் ஒன்று நாலுமா, பத்தில் ஒன்று இருமா என்று துல்லியமாக வரும். மூன்றில் ஒன்று முந்திரிக் கணக்கில் அடையாது, 106 முந்திரிக்கு மேல் இழுபடும். ரோமருக்கு மூன்றில் ஒன்று சர்வசாதாரணம், நான்கு உன்கியா. ஐந்தில் ஒன்று கேட்டால் 57.6 ஸ்க்ரிபுலும், மாட்டிக்கொள்வார்கள்.

#19 பாகசாசனம்

சட்டப் பட்டியலுக்கு. ‘பெர் ஸ்திர்பேஸ்’ என்றால் வேர்வழி, கிளைவழி. ‘பெர் காபிதா’ என்றால் தலைக்கு. உயில் எழுதாமல் ஒரு ஆண் இறக்கிறார். மனைவி, மகன், மகள் இருக்கிறார்கள். இன்னொரு மகன் முன்பே இறந்துவிட்டார். அவர் மனைவியும் இல்லை, இரண்டு பிள்ளைகள் மட்டும். இறந்தவரின் தாயும் இல்லை. தலைக்கணக்கு போட்டால் ஐந்து பேர், ஆளுக்கு ஐந்தில் ஒன்று. கிளைக்கணக்கு போட்டால் நாலு பங்கு: மனைவி, மகன், மகள் ஆளுக்குக் கால், பேரப்பிள்ளைகள் இருவரும் தங்கள் தந்தையின் காலைப் பகிர்ந்து ஆளுக்கு அரைக்கால்.

1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் 19ஆம் பிரிவில் பொது விதி ‘பெர் காபிதா’ என்கிறது, ஆனால் வேறு விதமாகச் சொல்லாத இடத்தில் மட்டும். முன்பே இறந்த பிள்ளையின் கிளைக்கு ஒரே பங்கு என்று 10ஆம் பிரிவு சொல்லிவிடுகிறது. எனவே மேலே உள்ள குடும்பத்துக்கு இரண்டாவது கணக்குதான். 19ஐ மட்டும் படித்துவிட்டுப் பத்திரம் எழுதினால் பேரப்பிள்ளைகள் பங்கு தப்பும்.

பெர் காபிதாவுக்குத் ‘தலைக்கட்டு’ என்று போடலாமா என்று யாராவது கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். ஊர்க் கோயிலில் தலைக்கட்டு வரி குடும்பத்துக்கு ஒன்று, ஆளுக்கு அல்ல. ‘தலைக்கு’ என்றாலே போதும்.

ப்ரோ ராத்தா: முழுத் தொடர் ‘ப்ரோ ராத்தா பார்தே’, கணக்கிட்ட பங்கின்படி. பார்தே உதிர்ந்துவிட்டது. ‘வீதாசாரப்படி’ சரியாக இருக்கும்.

#20 வடமராட்சி

இலங்கையிலை பொதுச் சட்டம் ரோமன் டச்சுச் சட்டம் எண்டதாலை ‘ஆக்தியோ கொம்மூனி தீவிதுந்தோ’ எண்ட பேர் தீர்ப்புகளிலை வரும். கூட்டுச் சொத்தைப் பிரிச்சுத் தரச்சொல்லிப் போடுற வழக்கு. இப்ப நடைமுறை 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தின் கீழைதான். தீவிதுந்தோவும் டிவிடென்டும் ஒரே விகுதி எண்டது இப்பத்தான் பிடிபட்டுது.

#21 சங்கப்பலகை

பட்டியலில் மினிட், செகண்ட் இருக்கிறதா? அவையும் பகுப்புச் சொற்களே. பாகையை 60 ஆகப் பிரித்தது ‘பார்ஸ் மினூத்தா ப்ரீமா’, முதல் சிறு கூறு. அதை மறுபடி 60 ஆகப் பிரித்தது ‘பார்ஸ் மினூத்தா செகுந்தா’, இரண்டாம் சிறு கூறு. முதலாவதில் ‘சிறு’ தங்கியது, இரண்டாவதில் ‘இரண்டாம்’ தங்கியது. பார்ஸ் இரண்டிலும் போய்விட்டது, பாகசாசனம் சொன்ன ப்ரோ ராத்தா கதைதான். கலை, விகலை என்பவை கோணத்துக்கு. நிமிடம், நொடி நேரத்துக்கு. கலக்க வேண்டாம்.

#22 ஒற்றெழுத்து

எல்லோருக்கும் நன்றி. இப்போதைக்கு இப்படி மாற்றியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

செக்‌ஷன் வெட்டு, செக்மென்ட் துண்டு, செக்டர் ஆரைச்சிறை, தமிழ்நாட்டு வடிவம் பக்கத்தில், ஃபிராக்‌ஷன் பின்னம், ஃபிராக்மென்ட் சில்லு, ஃபிஷன் பிளவு, பார்ட் கூறு, போர்ஷன் பங்கு, பார்ட்டிஷன் பாகப்பிரிவினை, டிவிஷன் கணிதத்தில் வகுத்தல், மற்ற இடத்தில் பிரிவு, டிவிடென்ட் இரண்டு பதிவு, எக்ஸைஸ் வெட்டியெடுப்பு.

#23 பாகசாசனம்

பாகப்பிரிவினை சொத்துக்கு மட்டும். அறைக்குள் மரத்தடுப்பு வைத்தாலும் ஆங்கிலத்தில் பார்ட்டிஷன்தான். அதற்குத் ‘தடுப்பு’ என்று தனியாக ஒரு வரி வேண்டும். சட்டத்தின் செக்‌ஷன் ‘பிரிவு’ என்று நிலைத்துவிட்டது, அதை வெட்டு ஆக்க முடியாது. ‘302ஆம் வெட்டு’ என்றால் போலீஸ்காரரே சிரிப்பார்.

#24 எழுத்துக்கூட்டி

எக்ஸைஸையும் இரண்டாக்குங்கள். கட்டியை வெட்டியெடுக்கும் எக்ஸைஸ் கைதெரே வழி. வரி எக்ஸைஸ் டச்சு வழியாக வந்த வேறு சொல், கலால். இப்போது இருக்கிறபடி அச்சானால் ‘மத்திய வெட்டியெடுப்புத் துறை’ என்று வரும்.